பாட்டியோட காசுமாலை, ஐப்பசியில சர்டிஃபிகேட், தையில கல்யாணம்: ஒரு வாசகிக்கு பதில்

மயிலாடுதுறை பக்கத்துல இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க, கையெழுத்துல ஆறு பக்கம். 27 வயசு, சென்னையில ஐடி வேலை. யாருன்னு தெரியக்கூடாதுன்னு கேட்டதால சில விவரங்களை மாத்தியிருக்கேன், விஷயம் மாறல.

அப்பா தவறி ஆறு வருஷம் ஆச்சு. மாப்பிள்ளை ஈரோடு பக்கம், கூட வேலை பாத்தவர், ரெண்டு வீட்டுலயும் சம்மதம். தை மாசம் மாயவரத்துலயே மண்டபம் புக் பண்ணியாச்சு. சண்டை எல்லாம் கல்யாணத்தை எப்படி பண்றதுங்கறதுலதான். வாசகிக்கு ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், தாலியை அம்மா கையால எடுத்துக் கொடுக்கணும், ரெண்டு பேரும் சொந்தமா எழுதின உறுதிமொழியைப் படிக்கணும், கட்டிக்கிறது பாட்டியோட 1961ம் வருஷத்துக் கூறைப்புடவை. பெரியப்பாவோ நானும் பெரியம்மாவும் உக்காந்து தாரை வார்த்துக் கொடுப்போம், தாரை வார்க்காத கல்யாணம் சட்டப்படி செல்லாது, உங்கம்மா பின்னாடி நின்னுக்கட்டும்ங்கறார். மாப்பிள்ளையோட அம்மா கொங்கு சீர், அதாவது அவங்க பக்கத்துக் கல்யாணச் சடங்குகள், ஒண்ணையும் விடக்கூடாதுங்கறாங்க. மாப்பிள்ளைக்கு ஏப்ரல்ல ஜெர்மனியில வேலை, விசாவுக்கு நாளாகும்ங்கறதால ஐப்பசியிலயே சர்டிஃபிகேட் வாங்கிடலாம், கல்யாணம் தையில பாத்துக்கலாம்னு ஒரு பிளான். கோயில்ல மாலை மாத்துற மாதிரி ரெண்டு போட்டோ கொடுத்தா போதும், பதிவு பண்ணித் தர்றேன்னு ஒரு ஏஜென்ட்டும் சொல்லியிருக்கார். கடைசியா, ரெண்டு வருஷம் முன்னாடி சுமங்கலியா போய்ச் சேர்ந்த பாட்டியோட காசுமாலை. அது கும்பகோணத்துல மாமா லாக்கர்ல இருக்கு, உனக்குத்தான்னு பாட்டி பல தடவை சொன்னாங்க, இப்ப மாமி எங்க பொண்ணுக்குங்கறாங்க, கல்யாணத்துக்கு முன்னாடி மாமாவுக்கு வக்கீல் நோட்டீஸ் விடலாமான்னு கேள்வி.

அம்மா, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். நான் இருபது வருஷத்துக்கு மேல குடும்பநல கோர்ட்டுல நின்னவ, என்கிட்ட வர்றவங்க பெரும்பாலும் கல்யாண ஆல்பத்தை சாட்சியா கொண்டு வர்றவங்கதான், கல்யாணத்துக்கு முன்னாடி கேக்குறவங்க ரொம்ப கம்மி, அதனால உங்க கடிதம் எனக்கே ஒரு சந்தோஷம். நேரா சொல்லிடறேன், பெரியப்பா சொல்ற அளவுக்கு சட்டம் உங்களைக் கட்டிப்போடல, ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு ஒரு மூணு இடத்துல அவுத்தும் விடல. அந்த மூணையும் தெரிஞ்சுக்கிட்டீங்கன்னா மிச்சத்தை உங்க இஷ்டப்படி பண்ணலாம்.

தாரை வார்க்கலேன்னா செல்லாதா?

செல்லும். பெரியப்பா சொல்றது தப்பு, ஆனா அவர் மேல கோவப்படாதீங்க, நம்ம ஊர்ல பாதிப்பேரு அப்படித்தான் நினைச்சுட்டு இருக்காங்க. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 7 என்ன சொல்லுதுன்னா, மணமக்கள்ல யாராவது ஒரு தரப்போட வழக்கப்படி சடங்கு நடந்தா போதும்ங்குது. யாராவது ஒரு தரப்புங்கறதை கவனிங்க, ரெண்டு வீட்டு முறையும் முழுசா நடக்கணும்னு எங்கயும் இல்ல. அந்த வழக்கத்துல சப்தபதி, அதாவது அக்னி முன்னாடி ஏழு அடி வைக்கறது, இருந்தா ஏழாவது அடி வெச்சதும் கல்யாணம் முழுமை ஆகுது, அவ்வளவுதான். தாரை வார்க்கறதுன்னு சொல்ற கன்னிகாதானம்ங்கற வார்த்தையே அந்தப் பிரிவுல கிடையாது, அது கட்டாயம் இல்லைன்னு அலகாபாத் உயர் நீதிமன்றமே 2024ல ஒரு வழக்குல சொல்லியிருக்கு.

நமக்கு அதுக்கும் மேல ஒரு வசதி இருக்கு. தமிழ்நாட்டுக்குன்னே 7ஏ பிரிவு. இதோட கதை கொஞ்சம் சொல்லணும், ஏன்னா உங்க கடிதத்துல சுயமரியாதைக் கல்யாணம்னா அது கட்சிக்காரங்க பண்றதுதானேன்னு ஒரு வரி இருக்கு. 1928ல அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்துல பெரியார் நடத்தி வெச்சதுதான் முதல் சுயமரியாதைக் கல்யாணம்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ ஆயிரம் பேர் அப்படி பண்ணிக்கிட்டாங்க, ஆனா 1953ல சென்னை உயர் நீதிமன்றம் தெய்வானை ஆச்சி வழக்குல இந்த மாதிரி கல்யாணம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. யோசிச்சுப் பாருங்க, புள்ளைகுட்டியோட இருந்தவங்க எல்லாம் ஒரே நாள்ல கல்யாணமே ஆகாதவங்களா ஆயிட்டாங்க. அண்ணா முதல்வரா வந்ததும் 1967ல சட்டத் திருத்தம் கொண்டு வந்தார், அது முன்னாடி நடந்த கல்யாணங்களையும் சேர்த்து செல்லுபடி ஆக்குச்சு.

அந்த 7ஏ கேக்குறது ரொம்ப எளிமை. சொந்தக்காரங்க, நண்பர்கள் இல்ல வேற யாராவது முன்னிலையில, ஒண்ணு, ரெண்டு பேருக்கும் புரியற பாஷையில நான் இவரைக் கணவரா ஏத்துக்கறேன், நான் இவங்களை மனைவியா ஏத்துக்கறேன்னு சொல்லணும், இல்லேன்னா மாலை மாத்திக்கணும், இல்ல மோதிரம் போட்டுக்கணும், இல்ல தாலி கட்டணும். இதுல ஏதாவது ஒண்ணு போதும். புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம். ஊரைக் கூட்டி பண்ணணும்னும் இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட்ல தெளிவா சொல்லிடுச்சு. இதுக்கு எந்தக் கட்சி கார்டும் தேவையில்ல, எந்தப் பேரு வெச்சு கூப்பிட்டாலும் சரின்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. ஒரே ஒரு விஷயம், இது தமிழ்நாட்டுத் திருத்தம். உங்க ஃப்ரெண்ட் யாரோ கூர்க்ல ரிசார்ட் பாத்து வெச்சிருக்கறதா எழுதியிருந்தீங்க, நல்லவேளை மாயவரத்துல மண்டபம் புக் பண்ணிட்டீங்க.

இப்ப நான் சொன்ன மூணுல முதல் இடம். நீங்க இணைச்சு அனுப்பின உறுதிமொழியைப் படிச்சேன். ராத்திரி நேரம் கழிச்சு வந்தாலும் உனக்கு தோசை ஊத்தித் தருவேன், உன் அம்மாவுக்கு நானே ஃபோன் பண்ணுவேன்னு ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க, எனக்கு சிரிப்பும் வந்துச்சு கண்ணும் கலங்குச்சு. ஆனா ரெண்டு பக்கத்துல எங்கயுமே உன்னைக் கணவரா ஏத்துக்கறேன்னு ஒரு வரி இல்லையே! தோசை ஊத்தறேன்னு ரூம்மேட்டுக்குக் கூட சொல்லலாம். தாலி கட்டறதால உங்க கல்யாணம் எப்படியும் செல்லும், இருந்தாலும் ரெண்டு பேரும் அந்த ஒரு வரியை சேர்த்துக்கங்க, வீடியோவுல அது தெளிவா கேக்கற மாதிரி சொல்லுங்க, அந்த நேரத்துல கெட்டிமேளம் வேண்டாம்னு நாதஸ்வரக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

அப்புறம் கொங்கு சீர். உங்களுக்கு அது பாரமா தெரியுது, எனக்கு உங்க வழியே அதுலதான் இருக்கற மாதிரி தெரியுது. கொங்கு முறையில கல்யாணத்தை நடத்தி வைக்கறவர் அருமைக்காரர். அவர் குடும்பஸ்தரான ஒரு பெரியவர், ஐயர் இல்ல. மங்கல வாழ்த்துன்னு பாடறதும் தமிழ்லதான். உங்க மாமியார் கேக்கறதும் நீங்க கேக்கறதும் பாதி ஒண்ணுதான், உக்காந்து பேசினா தெரியும். இணைச்சீர் மாப்பிள்ளையோட அக்காவுக்குக் கிடைக்கிற மரியாதை, அதை வெட்டிட்டு உங்க உறுதிமொழிக்கு பத்து நிமிஷம் எடுத்துக்கிட்டீங்கன்னா அந்த அக்கா இருபது வருஷத்துக்கு மறக்க மாட்டாங்க, நான் பாத்திருக்கேன். அந்தச் சீர் நடக்கட்டும்னு விட்டுக் கொடுங்க.

அம்மா தாலி எடுத்துக் கொடுக்கலாமா?

சட்டத்துல எந்தத் தடையும் கிடையாது. கணவர் இல்லாதவங்க மணவறையில நிக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் ஒரு எழுத்து இல்ல, அது நம்மளே நமக்கு போட்டுக்கிட்ட வேலி. பழமைன்னு பேசற பெரியவங்களுக்கு ஒண்ணு சொல்லலாம், அகநானூறு 86ம் பாட்டுல ஒரு கல்யாணம் வருது, உழுந்து போட்ட பொங்கல், மணல் பரப்பின பந்தல், விளக்கு, நாலு பொம்பளைங்க சேர்ந்து பூவும் நெல்லும் போட்ட தண்ணியில பொண்ணைக் குளிப்பாட்டி வாழ்த்தறாங்க. அக்னியும் இல்ல, தாரை வார்க்கறதும் இல்ல. ஆனா அந்த நாலு பேரும் ஆம்பளப் புள்ளை பெத்தவங்களா இருக்கணும்னு அங்கயும் ஒரு ரூல் இருக்கு, அதையும் சொல்லிடறேன், பழசு எல்லாமே தங்கம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ஆனா என்னோட கவலை சட்டம் இல்ல. ஆறு பக்கத்துல பெரியப்பா என்ன சொன்னார், மாமி என்ன சொன்னாங்க, மாப்பிள்ளையோட அம்மா என்ன சொன்னாங்கன்னு எல்லாம் இருக்கு. உங்க அம்மா என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. அவங்களைக் கேட்டீங்களா? என்கிட்ட ஒரு தடவை ஒரு பொண்ணு இதே மாதிரி எல்லாரோடயும் சண்டை போட்டு ஜெயிச்சு அம்மாவை மேடையில நிக்க வெச்சாங்க, அந்தம்மா ஐநூறு பேர் முன்னாடி நடுங்கிக்கிட்டே தாலியை எடுத்துக் கொடுத்துட்டு உள்ள போய் அழுதாங்களாம், ஏதாவது ஆயிடுமோங்கற பயம் அவங்களுக்கே இருந்திருக்கு, மகள் கேக்கவே இல்ல. வேண்டாம்னு சொல்லல, உங்க அம்மா ஆசையா வருவாங்களாவும் இருக்கலாம். தனியா உக்காந்து கேளுங்க. அவங்களுக்குத் தயக்கம் இருந்தா தாலித்தட்டை அவங்க தொட்டு ஆசீர்வாதம் பண்ணி அனுப்பட்டும், மேடையில எடுத்துக் கொடுக்கறது அருமைக்காரரா இருக்கட்டும். அவங்க தயார்னு சொன்னா, யார் முகத்தைத் திருப்பிக்கிட்டாலும் அவங்க பக்கத்துல நீங்க நில்லுங்க. பெரியப்பாவுக்கும் ஒரு வேலை கொடுங்க, பந்தக்கால் நடறது, மாப்பிள்ளை அழைப்புல முன்னாடி நிக்கறதுன்னு ஏதாவது. அப்பா போனதுக்கப்புறம் அவர்தான் அந்த இடத்துல நிக்கறோம்னு நினைச்சிருப்பார், அந்த நினைப்பு முழுக்க அதிகாரம்னு நான் நினைக்கல.

ஐப்பசியில சர்டிஃபிகேட், தையில கல்யாணம்

ரெண்டாவது இடம் இதுதான், இங்க கொஞ்சம் கடுமையா பேசுவேன். அந்த ஏஜென்ட்கிட்ட போகாதீங்க. நடக்காத கல்யாணத்தை நடந்ததா எழுதிக் கொடுத்துப் பதிவு பண்றது பொய் வாக்குமூலம், அதுல கையெழுத்துப் போடறது நீங்க, அவர் கமிஷன் வாங்கிட்டுப் போயிடுவார். இதே கதை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. ரெண்டு பைலட்டுங்க, முதல்ல ஒரு அமைப்புகிட்ட சர்டிஃபிகேட் வாங்கி அதை வெச்சு பதிவும் பண்ணிட்டாங்க, ஊரறிய கல்யாணம் அப்புறமா பண்ணிக்கலாம்னு இருந்தாங்க, நடுவுல சண்டை வந்துடுச்சு. 2024 ஏப்ரல்ல தீர்ப்பு, சடங்கே நடக்காதப்ப வெறும் சர்டிஃபிகேட் கல்யாணத்தை உண்டாக்காதுன்னு. பதிவுங்கறது நடந்த கல்யாணத்துக்கு சாட்சி, அவ்வளவுதான், கல்யாணத்தை அது பண்ணி வைக்காது.

உங்களுக்கு மூணு வழி இருக்கு. சிறப்புத் திருமணச் சட்டம் 1954படி பண்ணிக்கறது ஒண்ணு. அங்க பதிவு ஆபீஸ்லயே கல்யாணம் நடக்குது, அந்த சர்டிஃபிகேட்டே கல்யாணம் நடந்ததுக்கு முடிவான சாட்சி. ஆனா நோட்டீஸ் கொடுக்கணும், உங்கள்ல ஒருத்தராவது அந்த மாவட்டத்துல முப்பது நாள் குடியிருந்திருக்கணும், நோட்டீஸ் போர்டுல முப்பது நாள் ஒட்டி வெப்பாங்க, அப்புறம் மூணு சாட்சி. நோட்டீஸ் போட்டதுல இருந்து மூணு மாசத்துக்குள்ள முடிக்கணும். இந்தச் சட்டத்துல பண்ணா குடும்பச் சொத்துல பங்கு போயிடும்னு பெரியப்பா சொன்னாராமே, அது பழைய கதை, 1976 திருத்தத்துக்கு அப்புறம் ரெண்டு பேருமே இந்துவா இருந்தா அந்தப் பிரச்னை இல்ல, இந்து வாரிசுச் சட்டமேதான்.

இன்னொரு வழி, ஐப்பசியிலயே வீட்டுல சின்னதா ஒரு நிஜக் கல்யாணம். கூடத்துல கோலம் போட்டு, விளக்கேத்தி, ரெண்டு வீட்டுலயும் இருந்து இருபது பேர், மாலை மாத்தி, அந்த ஒரு வரியைச் சொல்லி, பாயசத்தோட சாப்பாடு. 7ஏ படி அது முழுக் கல்யாணம். பத்திரிகை ஒண்ணு சின்னதா அடிச்சுக்கங்க, போட்டோ எடுங்க, சாட்சிகளோட அடையாள அட்டையை எடுத்து வைங்க, பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் வெப்சைட்ல விண்ணப்பிச்சு சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணுங்க. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009படி 90 நாளைக்குள்ள பதியணும், அதை விட்டா இன்னும் 60 நாள் கூடுதல் கட்டணத்தோட. லேட்டானா கல்யாணம் செல்லாமப் போகாது, ஆனா விசா ஆபீஸ்ல அதை யார்கிட்ட போய் விளக்கிட்டு இருப்பீங்க.

கடைசி வழி ஒண்ணுமே பண்ணாம இருக்கறது. தையில கல்யாணம், அடுத்த வாரமே பதிவு, அவர் ஏப்ரல்ல முன்னாடி போகட்டும், நீங்க சில மாசம் கழிச்சுப் போங்க. இதை ஏன் யாருமே யோசிக்கலன்னு எனக்குப் புரியல, மூணு நாலு மாசம் அம்மாவோட இருக்கக் கிடைச்சா அதுவும் நல்லதுதானே.

என்னைக் கேட்டா, ரெண்டு வீட்டுக்கும் வெளிப்படையா சொல்லிட்டு பண்றதா இருந்தா வீட்டுக் கல்யாணம், ரகசியமா பண்றதா இருந்தா அது வேண்டவே வேண்டாம், காத்திருங்க. ஏன்னா ஐப்பசியில மாலை மாத்தின நாள்ல இருந்து நீங்க சட்டப்படி கணவன் மனைவி. அதை நிச்சயதார்த்தம் மாதிரி நினைச்சிடாதீங்க. நடுவுல மனசு மாறினா, இல்ல சீர் விஷயத்துல பெரியவங்க முட்டிக்கிட்டு தையில நடக்காமப் போனா, ஆளுக்கொரு பக்கம் போயிட முடியாது, விவாகரத்து வாங்கணும், அதுவும் சாதாரணமா ஒரு வருஷம் முடியாம மனுவே போட முடியாது. ஜாதகம் பாத்துக் குறிச்ச தை முகூர்த்தத்துக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சுன்னு மாப்பிள்ளையோட அம்மாவுக்கு தை அன்னிக்கு யாரோ சொல்லித் தெரிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா. சர்டிஃபிகேட்ல ஐப்பசித் தேதிதான் இருக்கும், பாஸ்போர்ட், விசா ஃபார்ம் எல்லாத்துலயும் அந்தத் தேதியையே எழுதுங்க, தையில வர்றது விருந்து.

காசுமாலை

இது மூணாவது இடம், உங்களுக்கு வலிக்கப் போறதும் இதுதான். பாட்டி உனக்குத்தான்னு சொன்னது சட்டத்துல உயில் ஆகாது. உயில்னா எழுத்துல இருக்கணும், ரெண்டு சாட்சி கையெழுத்து இருக்கணும். நகையை நன்கொடையா கொடுக்கப் பத்திரம் தேவையில்ல, கையில எடுத்துக் கொடுத்தாலே போதும், ஆனா கொடுக்கணும். உங்க கடிதப்படி பாட்டி ஒரு தீபாவளிக்கு உங்க கழுத்துல போட்டு அழகு பாத்துட்டு, கல்யாணத்துக்குத் தர்றேன்னு திரும்ப வாங்கி வெச்சுட்டாங்க. அது ஆசை, கொடுத்ததா ஆகாது.

அப்ப யாருக்கு? பாட்டியோட நகை பாட்டியோட முழுச் சொத்து. உயில் இல்லாம அவங்க போனதால இந்து வாரிசுச் சட்டம் 1956, பிரிவு 15படி முதல்ல மகன், மகள், கணவர், மூணு பேருக்கும் சமமா. அதாவது மாமாவுக்கு ஒரு பங்கு, உங்க அம்மாவுக்கு ஒரு பங்கு. மாமாதான் மகன், மாலை அவருக்குன்னு மாமி நினைக்கறது தப்பு. பாட்டி சொன்னாங்க, அதனால எனக்குன்னு நீங்க நினைக்கறதும் தப்பு, அம்மா உயிரோட இருக்கறப்ப பேத்திக்கு அதுல நேரடியா உரிமை இல்ல.

மூணாவது பங்கு? அதான் நான் ரெண்டாவது தடவை படிக்கறப்ப கவனிச்சது. நாலாம் பக்கத்துல, கும்பகோணம் வீட்டைப் பத்திச் சொல்றப்ப, போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, தாத்தா திண்ணையில உக்காந்திருப்பார், காது சரியா கேக்காது, எதுலயும் தலையிட மாட்டார்னு. அம்மா, அந்த மாலையில மூணுல ஒரு பங்கு தாத்தாவோடது! நீங்களும் மாமியும் ரெண்டு வருஷமா இழுத்துக்கிட்டு இருக்கற பொருள்ல உங்க ரெண்டு பேருக்குமே பங்கு இல்ல, பங்கு உள்ளவர் திண்ணையில உக்காந்திருக்கார், அவரை யாரும் கேக்கல.

நோட்டீஸ் விடாதீங்க. நீங்க விட முடியாது, விட்டா உங்க அம்மா விடணும், ஒரு மாலைக்கு பாகப்பிரிவினை கேஸ்னா அது முடியறதுக்குள்ள உங்க பொண்ணுக்கு கல்யாண வயசு வந்துடும், தாய்மாமன் சீர் இல்லாத கல்யாணம்னு ஊர் பேசறது தனி. அதை விட, காசுமாலைங்கறதே பிரிக்கறதுக்குத் தோதான பொருள். 51 காசுன்னு எண்ணிச் சொல்லியிருக்கீங்க. மூணால வகுத்தா ஆளுக்கு 17. அம்மா தன் 17ஐ உங்களுக்குத் தரலாம், மாமா தன் 17ஐ அவர் பொண்ணுக்கு, தாத்தா அவரோடதை யாருக்கு வேணாலும். முழு மாலையா உங்களுக்கே வேணும்னா தாத்தாவும் மாமாவும் மனசு வெச்சு விட்டுத் தரணும், அவங்க கேட்டா பங்குக்கான மதிப்பை அம்மா கொடுக்கணும், எதுவானாலும் மூணு பேர் கையெழுத்தோட ஒரு எழுத்து வாங்கிக்கங்க. என் சொந்த அபிப்பிராயம் கேட்டா ஒரு காசு போதும். தாலிக்கொடியில குண்டு, மணியோட காசு கோர்க்கறது நம்ம ஊர் வழக்கம்தானே, பாட்டியோட ஒரு காசு அதுல இருந்தா பாட்டி தினமும் கூட இருப்பாங்க, 51 காசு லாக்கர்லதான் இருக்கும்.

நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க

இந்த வசனத்தை மாப்பிள்ளையோட அம்மா சொன்னாங்கன்னும், கூடவே போடற நகை எங்க லாக்கர்ல பத்திரமா இருக்கட்டும்னு சொன்னாங்கன்னும் எழுதியிருக்கீங்க. கெட்ட எண்ணம்னு நான் சொல்லல, நிறைய வீட்டுல அது பாசத்துல வர்ற பேச்சு. ஆனா உங்களுக்குப் போடற நகை உங்க சீதனம், உங்க தனிச்சொத்து, யார் லாக்கர்ல இருந்தாலும் அது உங்களோடது, வெச்சிருக்கறவங்க நம்பிக்கையின் பேர்ல வெச்சிருக்காங்கன்னுதான் அர்த்தம், இதை உச்ச நீதிமன்றம் 1985லயே சொல்லிடுச்சு. பிரச்னை எப்பவுமே சட்டத்துல வர்றதில்ல, எது இருந்துச்சுன்னு நிரூபிக்கறதுலதான்.

அதனால ஒரு பட்டியல் போடுங்க. இது சந்தேகம் இல்ல, 1985ம் வருஷத்து விதியே அப்படித்தான் சொல்லுது, வரதட்சணைத் தடுப்புச் சட்டத்துக்குக் கீழ வந்த விதி. என்ன பொருள், தோராய மதிப்பு, யார் கொடுத்தது, கொடுத்தவர் என்ன உறவு, கீழ பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேர் கையெழுத்து. உங்களுக்கு வந்ததோட பட்டியல் உங்ககிட்ட, அவருக்கு வந்தது அவர்கிட்ட. மொய் நோட்டு எழுதறப்ப யாரும் தப்பா நினைக்கறதில்லையே, இதுவும் அதே மாதிரி ஒரு நோட்டுதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல ஒவ்வொரு நகைக்கும் பக்கத்துல அது யார் கழுத்துல இருந்து வந்தது, எந்த வருஷம், எந்த ஊர் ஆசாரி செஞ்சதுன்னு எழுதி, போட்டோ ஒட்டி, அழகா ஒரு ஆல்பமா பண்ணிட்டாங்க. ரெண்டு சம்பந்திகளும் உக்காந்து ரசிச்சாங்க, வக்கீலான எனக்கு அது ஒண்ணாம் தர ஆவணம். லாக்கர் உங்க பேர்லயே ஒண்ணு எடுங்க, மாமியார்கிட்ட வெளிநாடு போறதால பேங்க்ல கேக்கறாங்கன்னு சொல்லிக்கங்க, இல்லேன்னா உண்மையையே சொல்லுங்க, அது உங்க ரெண்டு பேருக்குள்ள எப்படி இருக்குங்கறதைப் பொறுத்தது.

புடவையைப் பத்தி நீங்க கேக்கல, நானும் புடவை வக்கீல் இல்ல, ஆனா சொல்லாம விட முடியல. எங்கம்மாவோட கல்யாணப் பட்டை நான் என் சின்ன நாத்தனார் கல்யாணத்துக்குக் கட்டிக்கிட்டுப் போய் பந்தியில குனிஞ்சப்ப மடிப்பு மடிப்பா கிழிஞ்சு போச்சு. அறுபது வருஷத்துக்கு மேல ஒரே மடிப்புல இருந்த புடவை பாக்க நல்லாத்தான் இருக்கும், மடிப்புல உயிர் இருக்காது. இப்பவே எடுத்துப் பிரிச்சு, மடிப்பை மாத்தி, நிழல்ல காத்தாட விடுங்க, ட்ரை கிளீனிங் கடையில போட்டுடாதீங்க. விரல்ல லேசா இழுத்துப் பாருங்க, விட்டுக் கொடுத்துச்சுன்னா கட்டிக்க வேண்டாம், புதுசா ஒரு கூறை அதே கட்டத்துல எடுத்துக்கிட்டு, பாட்டி புடவையை மணையில விரிச்சு அது மேல உக்காருங்க. உங்க ஊர் கூறைநாட்டுப் பேரே அந்தப் புடவையில இருக்கறப்ப அதுக்காக காஞ்சிபுரம் வரைக்கும் போக வேண்டாம்.

இப்ப முதல் வேலை. வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு கும்பகோணம் போங்க, மாலையைப் பத்தி மாமிகிட்ட பேச்செடுக்காதீங்க. தாத்தாவுக்கு எந்தக் காது கொஞ்சம் கேக்கும்னு நீங்க எழுதல, அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அந்தப் பக்கமா உக்காந்து அந்த மாலை பாட்டிக்கு எப்ப, எங்க வாங்கினதுன்னு கேளுங்க. அவர் சொல்றதை ஃபோன்ல பதிவு பண்ணிக்கங்க, கோர்ட்டுக்கு இல்ல, அந்த ஆல்பத்துக்கு. அவர் பங்கு யாருக்குன்னு அவரே சொன்னதுக்கப்புறம் எனக்கு ஒரு கார்டு போடுங்க, விட்டுக்கொடுக்கற எழுத்தை நான் எழுதித் தர்றேன்.